காற்றில் ஒரு குழி

இண்டியானா, அமெரிக்கா
3 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

செல்வன் எழுதுவது. நீயும் மாமாவும் சிதம்பரத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காடாம்புலியூரில் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை.

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. பத்தாம் வகுப்புக்குப் பிறகு தமிழில் இவ்வளவு எழுதியதில்லை. சீசன் தொடங்கும்வரை போனைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன், கவனம் சிதறுகிறது. அதனால் இனிக் கடிதம்தான். நான் எழுதுவதை ராபர்ட் தன் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். நீயும் எழுதிப் படமெடுத்து அவருக்கே அனுப்பு. ஒர்க்‌ஷாப்பில் பிரிண்ட் எடுத்துத் தருவார்.

ராபர்ட் என்னுடைய ஸ்பாட்டர். ரேஸ் ஓடும்போது பார்வையாளர் ஸ்டாண்டின் கூரைமேல் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் கார் இருக்கிறது, எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்று ரேடியோவில் என் காதில் சொல்வார். ஹெல்மெட் போட்டுவிட்டால் எனக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் அவர்தான் எனக்குக் கண்.

இந்த வருஷம் ஒரு புது விதி வந்திருக்கிறது. முட்டை வடிவ டிராக்கில் நாங்கள் மணிக்கு முந்நூற்று எழுபது கிலோமீட்டர் வரை போகிறோம். அது ஜாஸ்தி என்று நிர்வாகம் நினைக்கிறது. ஆனால் எஞ்சினில் கை வைக்க அவர்களுக்கு இஷ்டமில்லை. எனவே எல்லாக் காரிலும் பின் இறக்கையின் மேல் குறுக்காக ஒரு தகட்டை நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். தகடு காற்றை முட்டுகிறது, கார் மெதுவாகிறது. அதோடு இன்னொன்றும் நடக்கிறது. தகட்டுக்குப் பின்னால் காற்றில் பெரிய குழி விழுகிறது. பின்னால் வருகிறவன் அந்தக் குழிக்குள் வந்தால் காற்றே தடுக்காது, கயிறு கட்டி இழுத்த மாதிரி முன்னால் போய் எளிதாக முந்திவிடுவான். முந்தினவனின் பின்னாலும் அதே குழி விழும், அடுத்தவன் அவனை முந்துவான். ஒருவராலும் தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓட முடியாது. ஜனங்களுக்கு வேடிக்கை!

ஞாபகம் இருக்கிறதா? பண்ருட்டி ரோட்டில் முந்திரி மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஒட்டினாற்போல டிவிஎஸ்ஸை விடுவேன். முகத்தில் காற்றே அடிக்காது, வண்டி தானாக இழுக்கும். நீ பின்னால் உட்கார்ந்து என் முதுகில் குத்துவாய். அதேதான் இது.

முதல் பெரிய ரேஸ் ஜூன் 8. அம்மாவிடம் வேகத்தை மட்டும் சொல்லாதே.

உன் தம்பி
செல்வன்

*

சிதம்பரம்
12 மார்ச் 2025

என் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் எழுத்தைப் பார்த்ததுமே பாதி நலம் விசாரித்த மாதிரி ஆகிவிட்டது. இங்கே எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை. அம்மாவைப் பண்ருட்டியில் டாக்டரிடம் காட்டினோம். தைலமும் மாத்திரையும் கொடுத்தார். இப்போது மாடிப்படி ஏறி வற்றல் காயவைக்கிறாள், அதனால் முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே.

கடிதத்தைக் காலையில் கடலூர் பஸ்ஸில் படித்தேன். பள்ளிக்கூடம் வருவதற்குள் மூன்று தடவை படித்துவிட்டேன். ஆலப்பாக்கத்தில் ஏறிய மலர்க்கொடி டீச்சர், "என்னா சத்யா, லெட்டர் படிச்சு அழுவுற?" என்று கேட்டார். சந்தோஷத்தில் வந்த கண்ணீர் என்று சொன்னேன்.

மாமா உன் தகட்டைப் பேட்டரி கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கையை நிமிர்த்தி விளக்கிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவுக்குத்தான் மனக்குறை. ஞாயிற்றுக்கிழமை ராபர்ட் போனிலிருந்து பேசுகிறாயாம், முகம் மட்டும் காட்டுவதில்லையாம். "கொரல் வந்தா போதுமா? மூஞ்சப் பாத்தாத்தான எளச்சிருக்கானா இல்லியான்னு தெரியும்" என்கிறாள். ஒரே ஒரு தடவை காட்டிவிடேன். நோன்பு கெட்டுவிடாது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்
அக்கா

*

இண்டியானா
30 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

செல்வன். அங்கே எல்லோரும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? யாராவது டாக்டரிடம் காட்டினீர்களா?

இங்கே பனி நின்றுவிட்டது. வெயிலில் கண் கூசுகிறது. பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். நல்ல ஓய்வு. உடற்பயிற்சி பாதியாகக் குறைத்திருக்கிறார்கள், சீசனுக்கு முன்னால் எல்லோருக்கும் அப்படித்தான்.

இந்த வருஷம் புது விதி ஒன்று வந்திருக்கிறது, அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பின் இறக்கைமேல் குறுக்காக ஒரு தகடு. லாரிக்குப் பின்னால் டிவிஎஸ் விட்டது ஞாபகம் இருக்கிறதா? அதே மாதிரி இழுக்கும்.

குழிக்குள் போகும்போது ஒரு சத்தம் அடங்கும் அக்கா. காதில் அடிக்கிற காற்று நின்றுவிடும். அந்த அமைதி எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே, மூக்கைக் கீழே அழுத்திப் பிடிக்கிற முன் இறக்கைக்கும் காற்று கிடைக்காது. வளைவில் மூக்கு லேசாகி, நாம் திருப்புகிற பக்கம் வராமல் வெளிச் சுவரைப் பார்த்துப் போகும். அதைப் பழகிக்கொள்ள வேண்டும். பழகிவிட்டால் ஒன்றுமில்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

செல்வன்

*

சிதம்பரம்
8 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

அம்மாவின் முழங்காலைப் பற்றிப் போன கடிதத்திலேயே எழுதியிருந்தேன். நீ மறுபடி கேட்டிருக்கிறாய். தகட்டைப் பற்றி முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டாய். புதிதாகச் சொல்வது போல மறுபடி சொல்லியிருக்கிறாய். மாமாவிடம் காட்டினேன். "வேலை டென்ஷன்ல மறந்துருப்பான். எனக்கே நேத்து சொன்னது இன்னிக்கு ஞாபகம் இல்ல" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

ஆனால் நான் வாத்தியார். வருஷம் பூராவும் பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்க்கிறவள். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிகள் வலது பக்கம் போகப் போகக் கீழே சாய்கின்றன. சில சொற்களில் பாதி எழுத்து இல்லை. நீ சின்ன வயதிலேயே கோடு போடாத தாளிலும் நேராக எழுதுகிறவன்.

சுவரைப் பார்த்துக் கார் போகும் என்று எழுதியிருக்கிறாய். போனதா?

உடனே பதில் எழுது.

அக்கா

*

சிதம்பரம்
20 ஏப்ரல் 2025

செல்வா,

பதில் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமும் பேசவில்லை. தோப்பில் முந்திரி பொறுக்க ஆள் வந்திருக்கிறது, அம்மா அந்த வேலையில் இருப்பதால் அதிகம் கேட்கவில்லை. இன்று கேட்பாள். நான் என்ன சொல்வது?

நேற்று ராபர்ட்டைக் கூப்பிட்டேன். என் இங்கிலீஷ் அவருக்குப் புரிந்ததா தெரியாது. முதலில் உன் உடம்பைக் கேட்டேன். "நன்றாக இருக்கிறான்" என்றார். எப்போது கார் ஓட்டினான் என்று கேட்டேன். "ரேஸுக்கு இன்னும் நாள் இருக்கிறதே" என்றார். பிறகு ஒன்று கேட்டேன்.

"அவன் போனைத் தொடாமல் இருக்கிறானே, அது அவனாக எடுத்த முடிவா, டாக்டர் சொன்னதா?"

"அதை நீங்கள் அவனிடம்தான் கேட்க வேண்டும்" என்றார்.

அதனால் கேட்கிறேன். உன்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. வெளிச்சம் தாங்கவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறாய். முகத்தைக் காட்டாததும் அதனால்தான். தம்பி ஆசையாகக் கடிதம் எழுதுகிறான் என்று பஸ்ஸில் உட்கார்ந்து சந்தோஷப்பட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

தலையில் அடி பட்டதா?

அக்கா

*

இண்டியானா
27 ஏப்ரல் 2025

அக்கா,

எல்லோரும் நலமாக இருங்கள். நான் உயிரோடு இருக்கிறேன், நடக்கிறேன், சாப்பிடுகிறேன். முதலில் இதை நம்பு.

பிப்ரவரியில் தகட்டைச் சோதித்துப் பார்க்க இரண்டு கார்களோடு டிராக்குக்குப் போனோம். டீம் கார் ஒன்று முன்னால், நான் அதன் குழிக்குள். மூன்றாவது வளைவில் மூக்கு லேசானது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, யாரோ என் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கார் சுவரில் மோதியதாம், நடுவில் நடந்தது எனக்கு ஞாபகமே இல்லை. நானே காரிலிருந்து இறங்கி நடந்து வந்தேன் என்கிறார்கள்.

தலையில் அடி பட்டால் இங்கே ஒரு சோதனை வைப்பார்கள். ஜனவரியில் நல்ல உடம்போடு இருக்கும்போது எடுத்த சோதனையோடு அதை ஒப்பிடுவார்கள். நான் ஜனவரியில் வேண்டுமென்றே மெதுவாகப் பதில் சொல்லியிருந்தேன். பல பேர் அப்படிச் செய்கிறார்கள், அடிபட்டால் வித்தியாசம் தெரியக் கூடாது என்று. எனக்கும் தெரியவில்லை. பாஸ்!

ஆனால் தலைவலி போகவில்லை. டீமுக்குத் தெரியாமல் வெளியே ஒரு டாக்டரிடம் போனேன். திரை பார்க்காதே, இருட்டில் இரு, கார் ஓட்டாதே என்றார். முதல் இரண்டையும் கேட்டுக்கொண்டேன். ராபர்ட்டுக்குத் தலைவலி என்று மட்டும் தெரியும்.

இப்போது எவ்வளவோ தேவலை. காலையில் மட்டும் வலிக்கிறது. சில நேரம் சொல்ல நினைத்த சொல் வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான்.

ஜூன் 8 போய்விட்டால் என் இடம் போய்விடும். எனக்குப் பதில் ஓட்ட ரிசர்வில் ஒருத்தன் காத்திருக்கிறான். நம் ஊரிலிருந்து இந்த சீட்டுக்கு வந்தவன் நான் ஒருவன்தான், இன்னொரு தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த ஒரு ரேஸ் ஓட்டிவிட்டு நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவிடம் பேசி என்னை அனுப்பிவைத்தவள் நீதான். இப்போது நீயே கதவைச் சாத்தாதே.

யாரிடமும் சொல்லிவிடாதே அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

செல்வன்

*

சிதம்பரம்
4 மே 2025

அன்புத் தம்பிக்கு,

உண்மையை எழுதினாய், அதற்காக முதலில் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்.

கடிதத்தை மாமாவிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. மன்னித்துவிடு. கடையை மத்தியானமே சாத்திவிட்டு வந்துவிட்டார். இருவருக்கும் பெரிய சண்டை.

"அது அவன் வாழ்க்கைடி. இருபத்தாறு வயசு ஆம்பள. ஒரு ரேஸ்தான கேக்குறான்?"

"தலைக்குள்ள அடிபட்டவன் ஓட்டலாமா?"

"அவனுக்குத் தெரியாதா அவன் ஒடம்பு? நீ சொல்லி அவன் சீட்டு போச்சுன்னா, ஜென்மத்துக்கும் ஒன்னோட பேச மாட்டான். நல்லா ரோசன பண்ணிக்க."

அவர் சொல்வது நடக்கும் என்று எனக்கும் தெரியும்.

ஆனால் செல்வா, நீ முதல் கடிதத்தில் எழுதியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தகடு இருந்தால் ஒருவராலும் தனியாக ஓட முடியாது என்று எழுதினாய். நீ தனியாக ஓட்டி உன் தலையை மட்டும் பணயம் வைப்பதாக இருந்தால், அழுதுகொண்டாவது நான் வாயை மூடிக்கொண்டிருப்பேனோ என்னவோ. உன் குழிக்குள் ஒருவன் வருவான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில், நீ நேரத்துக்குத் திருப்புவாய் என்று நம்பித்தான் உன் முதுகில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். சொல் வரத் தாமதமாகிறது என்கிறாய். கை வரத் தாமதமானால்? அவர்கள் வீட்டிலும் யாராவது டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

நான்தான் உன்னை அனுப்பினேன். அம்மா அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீ சொல்றியேன்னுதான் உடுறேன்." அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

ரேஸ் டாக்டரிடம் நீயே போய்ச் சொல். பதினைந்தாம் தேதிக்குள் சொல்லிவிடு. நீ சொன்னால் அது உன் நேர்மை. நான் சொன்னால் அது காட்டிக்கொடுத்தது. எனக்கு அந்த வேலையை வைக்காதே.

அக்கா

*

இண்டியானா
13 மே 2025

அன்பு அக்காவுக்கு,

நலம்தானே? நான் மிக நலம். இனி நீ நிம்மதியாக இருக்கலாம். டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சோதித்துப் பார்த்துவிட்டு, சரியாகிவிட்டது, ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். பார்த்தாயா, நீ பயந்தது வீண்.

இங்கே எல்லோரும் பரபரப்பாக இருக்கிறார்கள். தகட்டின் உயரத்தைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து டிராக்கில் பயிற்சி. அதிகம் எழுத நேரம் இருக்காது.

பலாப்பழம் இறங்கிவிட்டதா? எனக்காக அம்மாவை ஒரு சுளை கூடச் சாப்பிடச் சொல்.

உன் அன்புத் தம்பி
செந்தமிழ்செல்வன்

*

சிதம்பரம்
24 மே 2025

செல்வாவுக்கு,

உன் போன கடிதத்தில் வரிகள் நேராக இருந்தன. கையெழுத்தும் அழகாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்திப் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்துத்தான் பயந்தேன்.

மூன்று நாள் அதை நம்பப் பார்த்தேன். முடியவில்லை. ராபர்ட்டுக்குப் போன் செய்து, "டாக்டர் அவனை மறுபடி சோதித்துப் பார்த்தாரா?" என்று கேட்டேன். "அவன் அப்படியா சொன்னான்?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு, "இல்லை மேடம்" என்றார். அவர்மேல் கோபப்படாதே. நான் கேட்டிருக்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டார்.

ரேஸ் நிர்வாகத்தின் டாக்டருக்கு நேற்று எழுதிவிட்டேன். பிப்ரவரியில் நடந்தது, ஜனவரிச் சோதனையில் நீ செய்தது, தலைவலி, வெளிச்சம், மறதி, எல்லாவற்றையும் எழுதினேன். லீவிலும் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடக்கிறது, கடலூரில் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதினேன். அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போனேன். என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாமா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

உன்னிடம் மறைத்துச் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். திட்டு. என்ன வேண்டுமானாலும் சொல். டாக்டர் சொன்ன ஓய்வை மட்டும் விடாதே.

அக்கா

*

இண்டியானா
29 மே 2025

திருமதி சத்யப்பிரியா அருண்குமார் அவர்களுக்கு,

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். என் லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஜூன் 8 அன்று என் காரை ரிசர்வ் டிரைவர் ஓட்டுகிறான்.

நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது. இனி எனக்கு எழுத வேண்டாம்.

செந்தமிழ்செல்வன்

*

சிதம்பரம்
16 ஜூன் 2025

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். 'நீங்கள்' என்று என்னை நீ இதுவரை கூப்பிட்டதில்லை. அதைப் படித்த அன்று இறங்க வேண்டிய ஸ்டாப்பில் இறங்காமல் கடலூர் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காடாம்புலியூருக்கு நேரில் போய்ச் சொன்னேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலா அரிந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் மொதல்லயே சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

ரேஸை மாமாவின் லேப்டாப்பில் பார்த்தோம். நீ எழுதியது போலவே இருந்தது. முன்னால் போனவன் எவனும் முன்னாலேயே இருக்க முடியவில்லை. சுற்றுக்குச் சுற்று ஆள் மாறினான். மாமா நாற்காலியில் உட்காரவே இல்லை. உன் கார் ஒரு தடவை முதலில் போனது. அப்போது பக்கத்தில் ஒரு கார் உள்விளிம்புக்கு இறங்கிப் புழுதி கிளப்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எல்லாம் நேராகிவிட்டிருந்தது. கடைசியில் உன் கார் இரண்டாவதாக வந்தது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா, ஒன்னும் ஆவல. அவனே ஓட்டியிருந்தா ஜெயிச்சிருப்பான்" என்று மாமா சொல்லிவிட்டு எழுந்து போனார். நீயும் அதைத்தான் நினைப்பாய். நான் செய்தது சரி என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. யாருக்காவது அடிபட்டிருந்தால் சரி என்று ஆகியிருக்குமா? அப்படி ஒரு சரி எனக்கு வேண்டாம்.

மறுபடி அதே இடத்தில் நிறுத்தினாலும் அதையே செய்வேன். உனக்குக் கோபம் வரும். ஆனால் பொய் எழுத வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

இண்டியானா
24 ஆகஸ்ட் 2025

அன்பு அக்காவுக்கு,

நீ, மாமா, அம்மா எல்லோரும் சுகமா? என் சுகத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் எழுத உட்கார்ந்து, தாளை மடித்து வைத்துவிடுவேன். கோபத்தால்தான் முதலில் எழுதவில்லை. பிறகு எழுதாததற்குக் காரணம் வேறு. அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். ராபர்ட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ரேஸ் அன்று நானும் கூரைமேல் ராபர்ட் பக்கத்தில் நின்றிருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தேன். ஓட்ட விடவில்லை, பார்க்கவாவது செய்கிறேன் என்று டீமில் சண்டை போட்டுப் போனேன். கீழே என் காரில் வேறொருவன். ஒவ்வொரு சுற்றிலும் மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அதை மறைக்கவில்லை.

பாதி ரேஸ் ஆனபோது ராபர்ட்டின் ஹெட்செட்டில் கோளாறு. வயரை மாற்ற வேண்டும். "ரெண்டு சுற்று நீ சொல்" என்று என் ஹெட்செட்டுக்கு இணைப்பை மாற்றிக் கொடுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். என்னை விட அந்தக் காரை யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் எங்கள் கார் முதலிடத்துக்கு வந்தது. முதலிடத்தில் இருப்பவன்தான் மாட்டிக்கொண்டவன், பின்னால் வருகிறவனுக்கெல்லாம் அவன் தகடுதான் கதவு திறந்துவிடும். பின்னால் இருந்தவன் குழிக்குள் புகுந்து, அந்த வேகத்தோடு உள்பக்கமாக ஏறி வந்தான். நான் பார்த்தேன் அக்கா. தெளிவாகப் பார்த்தேன். உள்பக்கம் கார் இருக்கிறது என்பதற்கு 'உள்ளே' என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். வருஷக்கணக்காக என் காதில் கேட்டுக்கொண்டிருக்கிற சொல்.

அது வாய்க்கு வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது. எங்கள் டிரைவர் பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்து உள்ளே திருப்ப ஆரம்பித்துவிட்டான். ராபர்ட் என் தோளைப் பிடித்துத் தள்ளி, என் வாய் முன்னால் இருந்த மைக்கிலேயே கத்தினார். எங்கள் கார் விலகுவதற்குள் அந்த இன்னொரு டிரைவர் பிரேக்கைப் பிடித்து உள்விளிம்பில் இறங்கிவிட்டான். நீ பார்த்த புழுதி அதுதான்.

அவனுக்குப் பின்னால் ஆறு கார்கள் இருந்தன.

ராபர்ட் திட்டவில்லை. இணைப்பை மாற்றிக்கொண்டு, அடுத்த சுற்றைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கூரைமேல் நின்று, கையில் ஸ்டீயரிங்கும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கே அந்தச் சொல் வரவில்லை. அந்தக் காருக்குள் நான் இருந்திருந்தால்?

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நீ எழுதியிருந்தாய். உன்னிடம் காட்ட ஒன்றும் இல்லை என்றும் எழுதினாய். என்னிடம் இருந்தது. அதை உனக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீ சரி என்று ஒத்துக்கொள்வதைவிட உன்மேல் கோபமாக இருப்பது சுலபமாக இருந்தது.

இப்போதும் கோபம் முழுக்கப் போகவில்லை. என் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது. அதையும் பொய்யில்லாமல் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் கடைசியிலிருந்து ரேஸ் டாக்டரிடம் ஒழுங்காகப் போகிறேன். ஜனவரியில் நான் செய்த ஏமாற்றையும் என் வாயாலேயே சொன்னேன். நிர்வாகம் சின்னதாக ஒரு புதுத் தகடு செய்திருக்கிறது, அக்டோபரில் சோதிக்கப் போகிறார்கள். ஒரே கார், முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லாமல். டாக்டர் சம்மதித்தால் அதை நான் ஓட்டலாம் என்று டீம் சொல்லியிருக்கிறது.

டாக்டர் அந்த அம்மா கண்டிப்பானவர். சோதனை எல்லாம் முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தலைவலி இருக்கிறதா, மறதி இருக்கிறதா என்பதெல்லாம் இயந்திரத்தில் தெரியாது. நீ சொல்லித்தான் தெரிய வேண்டும். நீ நன்றாக இருக்கிறேன் என்று சொல்வதை இனி நான் நம்ப மாட்டேன். வேறு யாரைக் கேட்கட்டும்?"

ராபர்ட் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தன் பேரைச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் உன் நம்பரைக் கொடுத்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை முகம் தெரியக் கூப்பிடுகிறேன். திரையை இப்போது பார்க்க முடிகிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார். எதை வேண்டுமானாலும் கேள், ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேள். அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். அந்த வாரத்திலேயே டாக்டர் உன்னைக் கூப்பிடுவார். உன் கண்ணில் பட்டதை அப்படியே சொல். எனக்காக ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அதனால்தான் இந்தக் கடிதத்தில் என் உடம்பைப் பற்றி வேறு ஒன்றும் எழுதவில்லை. நான் நலமா என்று நீ சொல்.

உன் தம்பி
செல்வன்